தம்பி அணைக்காமல் போன லேப்டாப்

என் தம்பி லேப்டாப்புல இருந்த பழைய ஹார்டு டிஸ்க்கை மாத்தச் சொல்லி நான் அவன்கிட்ட போட்ட சண்டைக்கு அளவே கிடையாது. ஊர்ல உள்ள லேப்டாப்புக்கெல்லாம் எஸ்.எஸ்.டி. போட்டு விடுதவ நான். என் வீட்டுக்குள்ளயே ஒருத்தன் ஆமை மாதிரி ஓடுத லேப்டாப்பை வச்சிக்கிட்டு இருந்தா எனக்கு எவ்வளவு கேவலம்? கேட்டா சிரிப்பான். "இருக்கட்டும்க்கா, அது பாட்டுக்கு ஓடட்டும்"பான். அவ்வளவுதான் பதில். எருமை மாட்டு மேல மழை பெய்ஞ்ச கதைதான்.

கடை எனக்குத் தூத்துக்குடி டவுனுக்குள்ள, ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல மாடியில. துறைமுகத்துக் கிளியரிங் ஆபீஸ் பிள்ளைங்க, உப்பு வியாபாரம் பண்ணுத அண்ணாச்சிமாரு, காலேஜ் பொண்ணுங்க, எல்லாரும் மூச்சு வாங்க மாடி ஏறி வந்து ஒரே பாட்டைத்தான் பாடுவாங்க. "பட்டனை அமுக்கிட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கும்மா." நானும் என் பாட்டைப் பாடுவேன். "உள்ள இருக்கிற ஹார்டு டிஸ்க்குல ஒரு தட்டு ஓயாம சுத்துது அண்ணாச்சி. அதுக்கு மேல ஒரு கை அங்கயும் இங்கயும் ஆடித் தேடி எடுத்துக் குடுக்கு. எஸ்.எஸ்.டி.யில தட்டும் கிடையாது, கையும் கிடையாது. வெறும் சிப்பு. கேட்ட உடனே குடுத்துரும்." பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு பைக்குல பள்ளத்துல விழுந்து எந்திரிச்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. சூடு கம்மி. பேட்டரி கூடுதலா நிக்கும். சத்தமே வராது. இதுல ஒண்ணும் பொய் இல்ல, இன்னைக்கும் சொல்லுதேன். மாத்திட்டுப் போனவங்க மறுநாளே போன் போட்டு, "புது லேப்டாப் மாதிரில்லா இருக்கு"ன்னு சந்தோசப்படுவாங்க.

ஒரு விஷயத்தை மட்டும் கேட்டாத்தான் சொல்லுவேன். ஹார்டு டிஸ்க்கு சாகப்போகுதுன்னா சொல்லிட்டுத்தான் சாகும். கட்டக், கட்டக்னு முனகும், இழுக்கும், நமக்குக் கொஞ்சம் அவகாசம் குடுக்கும். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் அப்படி இல்ல. காலையில நல்லா இருக்கும், மத்தியானம் இருக்காது. ஒரு முனகல் கிடையாது. அதுக்கு அப்புறம் உள்ள இருந்ததைத் தோண்டி எடுக்கதும் லேசுப்பட்ட காரியம் இல்ல.

காலையில நல்லா இருந்து மத்தியானம் இல்லாமப் போறது எனக்குப் புதுசு இல்ல. என் தம்பி அப்படித்தான் போனான்.

தம்பி கல்யாண வீடியோ எடுக்கிறவன். மாப்பிள்ளையூரணியில எங்க வீட்டு நடு ரூம்புதான் அவனுக்கு ஸ்டுடியோ. அப்பா நாங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போதே போயிட்டாங்க. வீட்டுல அம்மா, நான், தம்பி, அவ்வளவுதான். அன்னைக்கு மத்தியானம் ஒரு கல்யாண வீடியோவை எடிட் பண்ணிக்கிட்டு இருந்தவன், படத்தை அப்படியே நிப்பாட்டிட்டு, "எம்மா, ஒரு ஆல்பத்தைக் குடுத்துட்டு இந்தா வந்துருதேன். லேப்டாப்பை அணைச்சிராத"ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துக்கிட்டுப் போனான். ஹார்பர் ரோட்டுல கண்டெய்னர் லாரி. அதுக்கு மேல அதை எழுத எனக்குத் தெம்பு இல்ல.

நடு ரூம்புல அவனைக் கிடத்தியிருந்த இடத்துல, எங்க பக்கத்து வழக்கப்படி, ஒரு விளக்கு ஏத்தி வச்சாங்க. பதினாறாம் நாள் விசேஷம் முடியுற வரைக்கும் அது அணையக் கூடாது. அம்மா அது பக்கத்துலயே உக்காந்து எண்ணெய் ஊத்திக்கிட்டு இருந்தாள். அதே ரூம்புல, மேசை மேல, லேப்டாப்பும் எரிஞ்சுக்கிட்டு இருந்தது. வீடியோ வேலை பாதியில நிக்கக் கூடாதுன்னு அது தூங்காதபடி அவன் செட்டிங் போட்டு வச்சிருந்தான். அதனால திரை அணையவே இல்ல. அந்த நேரம் யாரு அதைக் கவனிச்சா?

விசேஷம் முடிஞ்சு விளக்கை எடுத்த அன்னைக்கு, நான் போய் லேப்டாப்பு மேல கையை வச்சேன். அம்மா பாய்ஞ்சு வந்து என் கையைத் தட்டி விட்டாள்.

"அந்த விளக்கு நாம ஏத்துனது, எடுத்தாச்சு. இது அவன் ஏத்தி வச்சிட்டுப் போனது. அணைச்சிராதன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். நீ யாருளா அணைக்க?"

சரி, நாலு நாள் போகட்டும்னு விட்டேன். நாலு நாள் மாசமாச்சு, மாசம் மாசங்களாச்சு. எங்க வீட்டுக்குத் தெக்கால உப்பளம். காத்து திரும்பினா ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், பூட்டு, எல்லாத்தையும் உப்பு அரிச்சு எடுத்துரும். அந்தக் காத்தை லேப்டாப் ஃபேனு ராப்பகலா உள்ள இழுத்துக்கிட்டு இருக்கு. "எம்மா, இது விளக்கு இல்ல, மெஷினு. இப்படி ஓடவிட்டா செத்துரும்"னு கத்துவேன். "நீ வாயை மூடு"ன்னுட்டு, காலையில எந்திரிச்சதும் ஒரு பழைய வேட்டித் துணியால திரையில படிஞ்ச உப்பை மெதுவாத் துடைப்பாள், பிள்ளைக்கு மூஞ்சி கழுவி விடுத மாதிரி. கடைசியில, கரண்டு போனாலும் அணையாம இருக்க, கடையில இருந்து யு.பி.எஸ். கொண்டாந்து மாட்டி விட்டது யாருன்னு நினைக்கிய? நான்தான். வாய் மட்டும்தான் எனக்கு நீளம்.

திரையில ஒரு கல்யாணப் பொண்ணு இருந்தாள். தம்பி நிப்பாட்டிட்டுப் போன இடத்துல, பட்டுச்சேலையும் மாலையுமா, கண்ணை மூடவும் இல்லாம திறக்கவும் இல்லாம பாதியில நின்னுக்கிட்டு இருந்தாள். பேரு தெரியாது, ஊர் தெரியாது. எங்க வீட்டுக்கு வந்த முதல் கல்யாணப் பொண்ணு அவதான். ரூம்புக்குள்ள எந்தப் பக்கம் நின்னாலும் அந்த அரைக்கண்ணு நம்மளையே பாக்க மாதிரி இருக்கும். அம்மா அவகூடப் பேச ஆரம்பிச்சாள். "என்ன தாயி, ஒனக்கும் தூக்கம் வரலியா?"

ஆனா என்னைக் கொன்னது அந்த முகம் இல்ல, சத்தம். விர்ர்னு ஒரே சீரா ஓடும், நடுநடுவுல கிறுகிறுன்னு ஒரு கிறுக்கல். அவன் உக்காந்து வேலை பாக்கும்போது கேட்ட அதே சத்தம். சாயந்திரம் கடை அடைச்சிட்டு வந்து வாசல்ல செருப்பைக் கழட்டுனா, உள்ள தம்பி இருக்கான். சத்தியமா இருக்கான். அந்த ஒரு நொடி எனக்கு அப்படித்தான் இருக்கும். ஒருநாள் வாய் தவறி, "ஏலே, சாப்பிட்டியா?"ன்னே கேட்டுட்டேன். அம்மா அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தாள்.

அப்புறம் ஒருநாள் அந்தச் சத்தம் மாறுச்சு. கட்டக். கொஞ்ச நேரம் சும்மா. மறுபடி கட்டக்.

என் தொழில்ல அதைக் கேட்டா, வைத்தியன் நாடி பிடிச்ச மாதிரி, அடுத்து என்னன்னு தெரிஞ்சு போகும். டிஸ்க்கு போகப்போகுது. அப்போதான் எனக்கு உறைச்சுது, தம்பியோட குரல் உலகத்துல வேற எங்கயும் இல்ல.

நினைச்சுப் பாருங்க. கேமரா பிடிக்கவன் எந்த வீடியோவுலயும் இருக்க மாட்டான். வாட்ஸாப்புல பேசி அனுப்புத பழக்கமும் அவனுக்குக் கிடையாது. "ம்", "சரி", ஒரு கட்டைவிரல், அதுதான் அவன் அனுப்புனது. போனு அவனோடயே நொறுங்கிப் போச்சு. மிச்சம் இருந்தது அந்த டிஸ்க்குல கிடக்க வெட்டாத வீடியோதான். அதுல கேமராவுக்குப் பின்னால இருந்து அவன் பேசுவான். "இங்கன பாருங்க", "கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி", "லேசா சிரிங்க". எடிட் பண்ணும்போது முதல் வேலையா அதைத்தான் எடுத்து எறிவான். "என் சத்தத்தை எடுத்துட்டுப் பாட்டைப் போட்டாத்தான்க்கா படம் நல்லாருக்கும்"பான். டெலிவரி குடுத்த கல்யாணத்தையெல்லாம் இடம் பத்தாதுன்னு அழிச்சிருவான். அப்படிப் பாத்தா மிச்சம் ரெண்டே ஃபோல்டர். ஒண்ணு இந்தப் பொண்ணு கல்யாணம். இன்னொண்ணுக்கு அவன் வச்ச பேரு "வீடு". புது லென்ஸ் வாங்குனா சோதிச்சுப் பாக்க அம்மாவை எடுப்பான், என்னை எடுப்பான், எடுக்கும்போது வாய் ஓயாமக் கிண்டல் பண்ணுவான். அந்த அம்புட்டுக் கிண்டலும் அதுல இருந்தது.

இவ்வளவு நாளா அணை, அணைன்னு கத்துனவ, இப்போ அணைக்கப் பயந்தேன். ஓடி ஓடித் தேஞ்ச டிஸ்க்கை நிப்பாட்டினா, அந்தத் தட்டு மறுபடி சுத்தாமலே போறது உண்டு. ஓடவிட்டாலும் சாகும், அணைச்சாலும் சாகும். ஓடும்போதே ஒரு எஸ்.எஸ்.டி.யைச் சொருகி காப்பி எடுக்கது ஒண்ணுதான் வழி. அம்மாகிட்ட சொன்னேன், கெஞ்சினேன், காலைப் பிடிக்காத குறை. "அதுல ஒரு வயரு சொருகக் கூடாது. சொருகுத நேரத்துல அணைஞ்சு போச்சுன்னா?" கேள்வி என்னவோ நியாயம்தான். அணைஞ்சு போகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியல. அதுதான் எனக்கு ஆத்திரம்.

அப்படி இருக்கும்போதுதான், ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வாசல்ல ஆட்டோ வந்து நின்னுச்சு. ஒரு பொண்ணு வயித்தைப் பிடிச்சிக்கிட்டு மெதுவா இறங்குனாள். மாசமா இருந்தாள். "வீடியோ எடுக்கிற அண்ணன் வீடு இதுதானே?"ன்னு கேட்டாள். எனக்கு அடையாளம் தெரியல. அம்மாவுக்குத் தெரிஞ்சுது. "வா தாயி, ஒன்னைத்தான் தினம் பாத்துக்கிட்டு இருக்கேன்"ன்னு கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாள். திரைக்கு முன்னால நிப்பாட்டினாள். அந்தப் பொண்ணு தன் முகத்தையே, கண்ணு பாதி மூடுன முகத்தை, வாயைப் பொத்திக்கிட்டுப் பாத்தாள்.

தம்பி செத்தது அவளுக்குத் தெரியும். அதனாலதான் இத்தனை மாசம் கேக்காம இருந்திருக்கு. "வளைகாப்பு வருதும்மா. அதுக்கு அப்புறம் அவரு கப்பல் வேலைக்குப் போயிருவாரு. எங்க கல்யாணப் படம் ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல. இருந்தா குடுங்க. இல்லன்னா பரவாயில்ல"ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னாள். அம்மா என்னைத் திரும்பிப் பாத்தாள்.

"ஏளா, அந்த வயரை எடுத்துட்டு வா."

நான் அப்படியே நின்னேன். "என்னளா முழிக்க? மாசமா இருக்கிற பிள்ளை வாசப்படி ஏறி வந்து கேக்கா. அவளை வெறுங்கையோட அனுப்புனா அவன் என்னைச் சும்மா விடுவானா?"

அவ்வளவு நாள் நான் படிச்சுப் படிச்சுச் சொன்னது எடுபடல. ஒரு மாசமான பொண்ணு கேட்டதும் எடுபட்டுருச்சு. சிரிக்கதா அழுகதான்னு தெரியாம ஓடிப்போய் பையில இருந்த எஸ்.எஸ்.டி.யை எடுத்துட்டு வந்தேன். உள்ளங்கையில ஒரு பாதியை அடைக்கிற அளவுதான் இருக்கும். எடையே இல்ல. அதைப் பாத்துட்டு அம்மா, "இதுக்குள்ளயா போகும் அம்புட்டும்?"ன்னாள்.

வயரைச் சொருகினேன். திரை அணையல. பொண்ணோட முகத்தை ஒதுக்கிட்டு ஃபோல்டரைத் திறந்தேன். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தது, கல்யாணமும் வீடும். எதை முதல்ல எடுக்க? டிஸ்க்கு எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரியாது. ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்னா? நான் அம்மா காதுல மட்டும் விழுற மாதிரி சொன்னேன், "எம்மா, 'வீடு'ல நம்மகிட்ட பேசுதது எல்லாம் இருக்கு. அதை முதல்ல எடுத்துருதேன். சின்னதுதான்."

அம்மா அந்தப் பொண்ணைப் பாத்தாள். அந்தப் பிள்ளை சுவத்துல மாட்டியிருந்த தம்பி படத்துக்கு முன்னால கையைக் கட்டிக்கிட்டு நின்னுது.

"கேட்டு வந்த பிள்ளைக்கு முதல்ல குடு."

"எம்மா..."

"குடுன்னா குடு."

எனக்கு வந்த கோவத்துக்கு அந்த மேசையைத் தூக்கி எறிஞ்சிருப்பேன். பல்லைக் கடிச்சிக்கிட்டு கல்யாண ஃபோல்டரை இழுத்துப் போட்டேன். பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்துச்சு. நிக்கும், கட்டக், கட்டக்னு அடிச்சுக்கிடும், மறுபடி ஊரும். அம்மா அந்தப் பொண்ணுக்கு இட்லியும் கருப்பட்டிக் காப்பியும் குடுத்து, தலைப்பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி, எத்தனாவது மாசம்னு விசாரிச்சிக்கிட்டு இருந்தாள். நான் அந்தக் கோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். மத்தியானம் சாப்பாடு இறங்கல. சாயந்திரம் வெயில் ஜன்னல்ல இருந்து மேசைக்கு இறங்குத நேரத்துல கோடு முடிஞ்சுது. கல்யாணம் பூராவும் வந்துருச்சு.

உடனே "வீடு" ஃபோல்டரை இழுத்தேன். கோடு வரவே இல்ல. கட்டக். கட்டக். கட்டக். அப்புறம் விர்ர்னு இருந்த அந்த ஓட்டம் இறங்கி, இறங்கி, நின்னு போச்சு.

வீடு அவ்வளவு அமைதியா இருந்து நான் கேட்டதே இல்ல. தூரத்துல உப்பளத்துல ஓடுத மோட்டார் சத்தம்கூடக் கேட்டுது. அம்மா அடுப்படியில இருந்து ஈரக்கையோட வந்து நின்னாள். அவளுக்கும் அந்தச் சத்தம் நின்னது கேட்டிருக்கு.

அந்தப் பொண்ணு போன பிறகு நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். "ஒன் பிள்ளை நம்மகிட்ட பேசுனதை ஊராருக்காக விட்டுட்டே. நல்லா இரு." அம்மா லேப்டாப்பை அணைச்சு, துணியில சுத்தி என் கையில குடுத்தாள். கடையில அந்த டிஸ்க்கை என்னென்னமோ பண்ணிப் பாத்தேன், பெரிய ஊருக்கும் அனுப்பிப் பாத்தேன். தட்டு உரசிப் போச்சு, ஒண்ணும் எடுக்க முடியாதுன்னு திரும்பி வந்துருச்சு. திரையாவது நல்லாருக்கான்னு வேற டிஸ்க்கு மாட்டி ஆன் பண்ணினேன். வெள்ளையா எரிஞ்ச திரையில லேசா ஒரு நிழல் தெரிஞ்சுது. மாலை, நெத்திச்சுட்டி, அரைக்கண்ணு. மாசக்கணக்கா ஒரே படம் நின்னா திரையில அப்படிப் படிஞ்சு போறது உண்டுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மூடி வச்சிட்டேன்.

எஸ்.எஸ்.டி.யில வந்தது சரியா வந்திருக்கான்னு பாக்கணுமே. கடையில ஆள் இல்லாத மத்தியானத்துல, காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஒவ்வொண்ணாப் போட்டேன். முதல்ல பயம்தான். கேட்டுருவோமோன்னும் பயம், கேக்காமப் போயிருமோன்னும் பயம். தாலி கட்டுத இடம் வந்துச்சு. கெட்டிமேளம் ரொம்ப நேரம் காதைப் பிச்சு எடுக்கு. மேளம் ஓய்ஞ்சதும் கேமரா பொண்ணோட அம்மா பக்கம் திரும்புது. அந்த அம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்காங்க. அப்போ, என் காதுக்குள்ள, இவ்வளவு பக்கத்துல, என் தம்பி பேசினான். நான் ஹெட்போனைக் கழட்டி வச்சிட்டு, ஷட்டரை இறக்கிட்டு அழுதேன். அன்னைக்கு வந்தவங்க எல்லாம் திரும்பிப் போயிருப்பாங்க.

அந்தப் பொண்ணுக்கு அவ கல்யாணத்தைக் குடுத்தாச்சு. எங்களுக்குன்னு ஒரு லேப்டாப்பைத் தயார் பண்ணி, அந்த எஸ்.எஸ்.டி.யையே உள்ள மாட்டி வீட்டுக்குக் கொண்டாந்தேன். கடையிலயும் ஒரு காப்பி வச்சிருக்கேன், அது தொழில் புத்தி. அம்மா அதைக் கையில வாங்கி, காதுகிட்ட வச்சுப் பாத்தாள்.

"சத்தமே இல்லையேளா."

"இதுல வராதும்மா. சுத்துததுக்கு ஒண்ணும் இல்ல."

"இதை அணைக்கலாமா?"

"அணைக்கலாம். ஆனா அப்படியே பீரோவுக்குள்ள போட்டு மறந்துரக் கூடாது. கரண்டே காட்டாம ரொம்ப காலம் வச்சா, உள்ள இருக்கிறது கொஞ்சம் கொஞ்சமாக் கசிஞ்சு போயிரும். அப்பப்போ ஏத்தி விடணும்."

நான் சொன்னது சிப்புல நிக்க மின்சாரத்தைப் பத்தி. புதுசுன்னா வருஷக்கணக்கா தாங்கும், தேஞ்சதுன்னா, சூட்டுல கிடந்ததுன்னா, சீக்கிரமே மறந்துரும். இப்போ வாற லேப்டாப்புல பாதிக்கு டிஸ்க்குன்னு தனியா ஒண்ணே கிடையாது, போர்டோடயே ஒட்டி வருது. இன்னும் கொஞ்ச காலம் போனா கழட்டி மாட்ட என்னைத் தேடி யாரும் மாடி ஏற மாட்டாங்க. செத்துப் போறவங்க ஒரு சத்தத்தையும் விட்டுட்டுப் போக மாட்டாங்க. அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல. அவளுக்குப் புரிஞ்சது அந்த ஒரு வார்த்தைதான். "அப்போ அமாவாசைக்கு அமாவாசை ஏத்துவோம்"ன்னு சொல்லிட்டு, லேப்டாப்பை அவன் மேசையிலயே வச்சாள். அது வரைக்கும் அவன் குரலைக் கேக்க மாட்டேன்னுட்டாள்.

அமாவாசை வந்துச்சு. காலையில தலைக்குக் குளிச்சு, காக்காவுக்குச் சோறு வச்சிட்டு, அம்மா வந்து மேசை முன்னால நின்னாள். எந்தப் பட்டன்னு கேட்டு, அவளே அமுக்கினாள். அமுக்கிட்டு விறுவிறுன்னு அடுப்படிக்குள்ள போய் பாலை அடுப்புல வச்சாள். நான் திரையைப் பாக்கேன், அதுக்குள்ள திறந்து நிக்கு. அந்தத் தாலி கட்டுத வீடியோவைப் போட்டுவிட்டேன். மேளம் கேட்டுது. அம்மா வரல. நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போனேன்.

"எம்மா, அப்பவே வந்துருச்சு. வா."

அம்மா திரும்பிப் பாத்தாள். "அதுக்குள்ளயா?"

"ஆமா. எஸ்.எஸ்.டி.ன்னா அப்படித்தான். பட்டனைத் தொட்டா வந்துரும்."

அம்மா பால் பாத்திரத்தையே பாத்துக்கிட்டு நின்னாள். "அது வேண்டாம்னுதான் அவன் மாத்தல."

எனக்குப் புரியல. அம்மா அடுப்படி வாசல்ல கிடந்த அந்தப் பிளாஸ்டிக் முக்காலியைக் காட்டினாள். "பட்டனை அமுக்கிட்டு இங்கன வந்து உக்காருவான். அது சுத்தி முடியுத வரைக்கும் எங்கூடப் பேசிக்கிட்டு இருப்பான். டீயைக் குடிச்சிட்டு, உள்ள இருந்து அந்த டிங்குனு சத்தம் கேட்டதும் எந்திரிச்சுப் போவான். அப்புறம் சோத்துக்குக் கூப்பிட்டாக்கூட வர மாட்டான், ஒனக்குத் தெரியாதா? நீ அவனைப் போட்டு ஏசும்போது நான்கூடச் சொன்னேன், அக்கா சொல்லுதத மாத்திக்கியேன்லேன்னு. அதுக்கு அவன் சொன்னான், 'அது சீக்கிரம் வந்துட்டா ஒங்கூட உக்கார எனக்கு நேரம் எங்கம்மா இருக்கு?'ன்னு."

நான் அந்த முக்காலியில உக்காந்துட்டேன். இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் நேரத்தை மிச்சம் பண்ணிக் குடுக்கேன்னு பீத்திக்கிட்டு இருந்தேன். அவன் அந்த நேரத்தை எங்க வச்சிருந்தான்னு எனக்குத் தெரியாமப் போச்சே. உள்ள மேளம் அடிச்சிக்கிட்டே இருந்தது. பால் பொங்கி வந்துச்சு, அம்மா அடுப்பைக் குறைச்சாள். மேளம் ஓய்ஞ்சுது.

நடு ரூம்புல இருந்து தம்பி கூப்பிட்டான்.

"எம்மா... இங்கன பாருங்க."

அம்மா கையில இருந்த கரண்டியைக் கீழ வச்சாள். "இந்தா வாரேம்ல"ன்னு குரல் குடுத்தாள், அவன் இருக்கும்போது குடுத்த மாதிரியே. முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு, நெத்தியில விழுந்த முடியை ஒதுக்கி விட்டுக்கிட்டு, ரூம்புக்குள்ள போய் திரைக்கு நேரா நின்னாள். கண்ணுல இருந்து தண்ணி ஓடுச்சு.

"அழாதீங்கம்மா. லேசா சிரிங்க"ன்னான் தம்பி.

அம்மா சிரிச்சாள்.